படத்துக்குக் கீழே நான் எழுதிய வரி

ஒரு பெண் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்துகொண்டே, அவர் இறந்துவிட்டதாக ஊர் உலகத்துக்குச் சொல்லிக் காசு சேர்த்தவன் நான். அந்தக் காசில் ஒரு சதமும் என் பைக்குள் போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல வருடங்களாக எனக்கு நானே சொல்லிக்கொண்ட ஆறுதல் இது ஒன்றுதான். இனி அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ள விருப்பமில்லை.

நான் யாழ்ப்பாணத்தான். ஆசிரியர் நியமனம் கிடைத்து இளவயதில் மலையகத்து ஹட்டனுக்கு வந்தவன். சண்டையால் திரும்பிப் போக முடியாமலும், பிறகு போக மனமில்லாமலும் இங்கேயே தங்கிவிட்டேன். ஓய்வு நெருங்கிய காலத்தில், தொண்ணூறுகளின் நடுவில், நண்பர்கள் சிலரோடு சேர்ந்து ஒரு சிறிய சங்கம் தொடங்கினேன். தேயிலைத் தோட்டப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துவதுதான் சங்கத்தின் வேலை. லிந்துலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தின் மேலாளரான துரை, தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் பழைய பிள்ளைக் காம்பராவை எங்களுக்குத் தந்தார். கூரை ஒழுகும். சுவர் எப்போதும் ஈரமாக இருக்கும். இருந்தாலும் பிள்ளைகள் வந்தார்கள். தோட்டத்திலேயே படித்து முடித்த இரண்டு பெண்கள் கணக்கும் தமிழும் சொல்லிக் கொடுத்தார்கள். சனிக்கிழமைகளில் நான் போய் ஆங்கிலம் படிப்பித்தேன்.

அந்தப் பெண்களுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். மண்ணெண்ணெய் வாங்க வேண்டும். அதற்காக வெளிநாடுகளில் இருந்த என் பழைய மாணவர்களுக்குக் கடிதம் எழுதினேன். தட்டச்சு செய்து, ரோனியோ இயந்திரத்தில் சுற்றிப் படியெடுத்து, முத்திரை ஒட்டி அனுப்பிய கடிதங்கள் அவை. பெரும்பாலானவற்றுக்குப் பதில் வராது. பிறகு தொலைநகல் வந்தது. அதையும் முயன்று பார்த்தேன். பதில் வராத வேகம் கூடியதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

சண்டை ஓய்ந்திருந்த இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில், ஹட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே, தொலைபேசியும் போட்டோக் கொப்பியும் வைத்திருந்த கடை ஒன்றில் கணினி வந்தது. எங்கள் சங்கத்துக்கு மின்னஞ்சல் வந்ததும் அங்கேதான். லண்டனில் இருந்த என் மாணவன் ஒருவன் சங்கத்துக்கு ஒரு இணையப் பக்கம் செய்து தருவதாகச் சொன்னான். நான் கட்டடத்தின் படத்தையும் வரவு செலவையும் அனுப்பினேன். அவன் தொலைபேசியில் வந்தான்.

"சேர், கூரையைப் பாத்து இஞ்ச ஒருத்தரும் காசு தரமாட்டினம். முகம் வேணும். ஒரு பிள்ளையின்ர படம், அதுக்குக் கீழ நாலு வரி. உங்கட இங்கிலீசுக்கு எல்லாரும் அழுவினம்."

"அழ வைக்கிறதோ எங்கட வேலை?"

"அழுதாத்தான் சேர் கார்டை வெளியில எடுப்பினம்."

நான் சிரித்தேன். என் ஆங்கிலத்தைப் பற்றி அவன் சொன்னது பிடித்திருந்தது என்பதையும் மறைக்கத் தேவையில்லை. கொழும்புக்கு வந்த ஒருவரிடம் அவன் சிறிய டிஜிட்டல் கமரா ஒன்றைக் கொடுத்தனுப்பினான்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் படம் எடுத்தேன். மற்றப் பிள்ளைகள் கூச்சத்தில் வாயைப் பொத்தினார்கள், தலையைத் திருப்பினார்கள். முன் வரிசையில் இருந்த ஒரு சிறுமி மட்டும் கமராவை நேராகப் பார்த்தாள். பாலர் வகுப்பைத் தாண்டி இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருக்கும். கண்கள் பெரியவை. வெளியே பனி மூடியிருந்ததால் சன்னலில் இருந்து வந்த வெளிச்சம் மங்கலாக ஒரு கன்னத்தில் மட்டும் விழுந்தது. படம் அருமையாக வந்தது. அவளைக் கூப்பிட்டு விவரம் கேட்டேன்.

"அப்பா என்ன செய்யிறார்?"

"கொழும்புல கடையில நிக்கிறாருங்க சார்."

"அம்மா?"

அவள் தரையைப் பார்த்தாள். "அம்மா போயிருச்சிங்க."

"எப்ப?"

"தீவாளிக்கு முந்தி."

"இப்ப உன்னை ஆர் பாக்கிறது?"

"பெரியம்மாங்க. பக்கத்துக் காம்பரா."

எங்கள் யாழ்ப்பாணத்தில் ஒருவர் குரலைத் தாழ்த்தி "அம்மா போயிட்டா" என்று சொன்னால், மேற்கொண்டு எதுவும் கேட்கக்கூடாது. மோசம் போய்விட்டார் என்பதன் சுருக்கம் அது. நான் அந்தக் காதோடுதான் கேட்டேன். அவளுடைய தலையைத் தடவிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன். தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் அந்த லயங்களில் சாவைச் சொல்ல வேறு சொல் இருந்தது. "தவறிருச்சி" என்பார்கள். "போயிருச்சி" என்றால் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போயிருக்கிறது. எந்த நாடு என்று சொல்லவும் தேவையில்லாத அளவுக்கு வீட்டுக்கு வீடு அது நடந்துகொண்டிருந்தது. அவர்களோடு முப்பது வருடத்துக்கும் மேல் வாழ்ந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். நான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தேனே தவிர, அவர்கள் பேசியதைக் காது கொடுத்துக் கேட்டவனில்லை.

படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் எழுதினேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "கடந்த தீபாவளிக்கு முன் இந்தக் கண்கள் தாயைப் பறிகொடுத்தன. இன்றும் அவை புத்தகத்தைத் தேடுகின்றன." எழுதிவிட்டு இரண்டு முறை வாசித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது.

பக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையின் படத்துக்குக் கீழும் ஒரு வெறும் கட்டம் இருக்கும். யாராவது காசு கொடுத்தால் அதற்குள் பச்சைக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக வளரும். அந்தக் கடையின் இணைப்பு மிக மெதுவானது. முதலில் தலைப்பு வரும், பிறகு படம் மேலிருந்து கீழாக, நெற்றி, கண், வாய் என்று இறங்கும். கடைசியாகத்தான் கோடு வரும். நானும் கடைக்காரத் தம்பியும் அதற்காகக் காத்திருப்போம். அவளுடைய கோடு இரண்டு வாரத்தில் பாதியைத் தாண்டியது. மற்றப் பிள்ளைகளுடையது தொடங்கிய இடத்திலேயே நின்றது.

"சார், புக்கியில குதிரைக்குக் காசு கட்டுற மாதிரி இருக்கு," என்றான் அவன். "இந்தப் புள்ளதான் ஓடுது. மத்ததெல்லாம் நொண்டியடிக்குது."

"வாயை மூடும்," என்றேன். ஆனாலும் அடுத்த நாள் போய்ப் பார்த்தேன். அதற்கு அடுத்த நாளும் போனேன்.

அந்தக் காசில் கூரைக்குத் தகரம் போட்டோம். ஆசிரியைகளுக்கு முதல் முறையாக மாதம் தவறாமல் கொடுத்தோம். மஸ்கெலியாப் பக்கம் இன்னொரு தோட்டத்திலும் வகுப்பு தொடங்கும் பேச்சு வந்தது. இங்கிலாந்தில் இருந்த ஒரு வயதான தம்பதி அந்தச் சிறுமிக்கென்று தனியாகச் சப்பாத்தும் புத்தகப் பையும் வாங்கக் காசு அனுப்பினார்கள். அவற்றை வாங்கிக்கொண்டு நானே அவள் இருந்த லயத்துக்குப் போனேன்.

பெரியம்மா இஸ்தோப்பில், அதாவது காம்பராவின் முன் விறாந்தையில், அப்போதுதான் கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு நின்றார். பையை நீட்டினேன். அதற்குள் சிறுமி சந்திக் கடைப் பக்கமிருந்து ஓடி வந்தாள். என்னைக் கவனிக்கவே இல்லை.

"பெரியம்மா! அம்மா பேசுச்சி! ஒன்னைய கேட்டுச்சி!"

"எந்த அம்மா?" என்று கேட்டேன்.

பெரியம்மா சிரித்துவிட்டார். "எந்த அம்மாவா? நல்லா கேட்டீங்க போங்க. இவளுக்கு எத்தன அம்மா சார் இருக்கு? எந்தங்கச்சிதான். குவைத்துல வூட்டு வேலைக்குப் போயிருக்கே. மாசக் கடைசியில சந்திக் கடைக்குப் போன் எடுக்கும்."

உள்ளே கூட்டிப் போய் சுவரில் இருந்த படத்தையும் காட்டினார். சாமிப் படங்களுக்குப் பக்கத்தில், தலவாக்கலை ஸ்டூடியோவில் கடவுச்சீட்டுக்காக எடுத்ததைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். அதே பெரிய கண்கள். "போறன்னைக்கு இவ அழுத அழுகையில, படத்தையாச்சும் பாரு புள்ளன்னு மாட்டுனோம்," என்றார் பெரியம்மா. நான் தேநீரைக் குடித்தேன். நல்ல தேநீர் என்றேன்.

அன்றைக்கே லண்டனுக்கு எழுதியிருக்கலாம். அதற்காகத்தான் கடைக்குப் போனேன். கணினி முன்னால் இருந்து பக்கத்தைத் திறந்தேன். அவள் நெற்றி வந்தது, கண் வந்தது. பச்சைக் கோடு முக்கால் பங்குக்கு வந்திருந்தது. தாய் இருக்கிறார் என்று எழுதினால் கொடுத்தவர்கள் என்ன நினைப்பார்கள், மற்றப் பிள்ளைகளின் கதையையும் சந்தேகிப்பார்களா, அந்த இரண்டு ஆசிரியைகளுக்கும் அடுத்த மாதம் எங்கிருந்து கொடுப்பது என்றெல்லாம் யோசித்தேன். இவை உண்மையான கவலைகள்தான். ஆனால் அவற்றுக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. இத்தனை வயதில், இத்தனை படிப்போடு, ஒரு சின்னப் பிள்ளையின் பேச்சு எனக்கு விளங்கவில்லை என்று என் மாணவனிடம் சொல்ல வேண்டியிருக்கும். அது எனக்கு முடியவில்லை. பொருள்கள் கிடைத்தன, நன்றி என்று மட்டும் எழுதிவிட்டு எழுந்து வந்தேன். அந்த நாள் வரை அது பிழை. அதற்குப் பிறகு அது பொய்.

அடுத்த வருடம் அந்தத் தம்பதி நேரிலேயே வந்தார்கள். வருவதற்கு முன் நான் பெரியம்மாவிடம் போய், "வெள்ளைக்காரர் வருவினம். தங்கச்சியைப் பற்றி அவையளோட ஒண்டும் கதைக்க வேண்டாம்," என்று சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. வெளிநாட்டுக்குப் போன பெண்களைப் பற்றி நாலுபேர் நாலுவிதமாகப் பேசுகிறார்களே, அதற்காக இருக்கும் என்று அவரே காரணம் கண்டுபிடித்துக்கொண்டார். "நம்ம புள்ளய கேவலமா நெனச்சிறக் கூடாதுன்னு சொல்றீங்க. சரிங்க சார்," என்றார். என் தந்திரத்தை அவர் அக்கறை என்று எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

வந்தவர்கள் நல்ல மனிதர்கள். முதலில் எங்கள் சங்க அறைக்கு வந்தார்கள். அங்கே இறந்துபோன எங்கள் முதல் தலைவரின் படம் மாலையோடு தொங்கியது. அந்த அம்மாள் அதைப் பற்றிக் கேட்டார். இறந்தவர்களுக்கு நாங்கள் இப்படித்தான் மரியாதை செய்வோம் என்று நான் விளக்கினேன். பிறகு தோட்டத்துக்குப் போனோம். வகுப்புப் பிள்ளைகள் செவ்வந்தி மாலை போட்டு வரவேற்றார்கள். மழை தூறியது. எல்லோரும் சிறுமியின் காம்பராவுக்குப் போனோம். இஸ்தோப்பில் லயமே கூடிவிட்டது.

அந்த அம்மாள் சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மாவை நினைப்பாயா என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன். "ம்," என்றாள் சிறுமி. "தெனமும் நெனப்பேன்." அதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அதில் பொய்யே இல்லை. அந்த அம்மாளின் கண் கலங்கியது. அப்போது அவர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டார். இவரா என்று என்னிடம் கேட்டார். ஆம் என்றேன். என்ன செய்யப் போகிறார் என்று நான் புரிந்துகொள்வதற்குள், தன் கழுத்தில் கிடந்த மாலையைக் கழற்றி, எட்டி, அந்தப் படத்துக்குப் போட்டுவிட்டுக் கைகூப்பி நின்றார்.

பெரியம்மா, "ஐயோ, எடுங்க! எடுங்க அத!" என்று பாய்ந்து மாலையை இழுத்தார். நூல் அறுந்து பூக்கள் தரையில் சிதறின. அந்த அம்மாள் பயந்துபோய், நான் ஏதும் தவறு செய்துவிட்டேனா என்று என்னைக் கேட்டார். துக்கம் இன்னும் ஆறவில்லை, அதனால்தான் என்றேன் ஆங்கிலத்தில். அவர் பெரியம்மாவைக் கட்டிக்கொண்டார். பெரியம்மா மரம் போல நின்றார். சிறுமி கீழே குந்தியிருந்து ஒவ்வொரு பூவாகப் பொறுக்கி வெளியே எறிந்துகொண்டிருந்தாள்.

அவர்களின் வாகனம் புறப்பட்ட பிறகு பெரியம்மா என் முன்னால் வந்து நின்றார்.

"என்னா சார் இது? உசுரோட இருக்கறவளுக்கு மாலயா?"

"அவைக்கு எங்கட முறை தெரியாது அம்மா. படத்துக்குப் பூப் போடுறது எங்கட வழக்கம் எண்டு நினைச்சிருப்பினம்."

"தெரியாதுன்னா நீங்க சொல்ல வேணாமா? பக்கத்துலதான நின்னீங்க? அவ ஒத்தையில அங்க கெடக்கா. இவ ராவெல்லாம் கண்ணு மூட மாட்டா இனி."

பக்கத்துக் காம்பராக்காரர் ஒருவர், ஏற்கெனவே அவர்களோடு மனத்தாங்கல் உள்ளவர், இஸ்தோப்புத் தூணில் சாய்ந்தபடி சொன்னார்: "அக்கா, தங்கச்சிக்குக் கருமாதி எப்ப? முந்தியே சொல்லிருங்க, காலப் பெரட்டுல வேலைக்குப் பேரு குடுக்காம வந்துர்றோம்." இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பெரியம்மா அவரைத் திட்டவில்லை. என்னைத்தான் பார்த்தார். நான் குடையை விரித்துக்கொண்டு இறங்கினேன்.

ஒப்பந்தம் முடிந்து தாய் ஊருக்கு வந்தபோது, மாலைக் கதை அவருக்கு முன்பே லயத்தில் காத்திருந்தது. கிணற்றடியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் காலை மகளையும் கூட்டிக்கொண்டு ஹட்டனுக்கு வந்து, என்னைத் தேடிக் கணினிக் கடைக்கே வந்துவிட்டார். சுவரில் பார்த்ததைவிட மெலிந்திருந்தார். கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை.

"வெள்ளக்காரங்க தெரியாம பண்ணிட்டாங்கன்னு அக்கா சொல்லுச்சி சார். சரி, அது போவட்டும். இந்தக் கம்பியூட்டர்ல புள்ள படத்த போட்டு என்னென்னமோ எழுதியிருக்காம். என்னைய பத்தி என்னா சார் எழுதியிருக்கு?"

கடைக்காரத் தம்பி பக்கத்தைத் திறந்தான். படம் இறங்கி வந்தது. தன் மகளைக் கண்டதும் அவர் முகம் மாறியது. "அட, என் ராசாத்தி," என்று கண்ணாடித் திரையைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டார். "படிங்க சார்."

அப்போது சொல்லியிருக்கலாம். அவர் கோபப்பட்டிருப்பார், அழுதிருப்பார், ஒருவேளை மன்னித்தும் இருப்பார். நான் திரையில் இருந்த என் ஆங்கிலத்தைப் பார்த்துக்கொண்டே தமிழில் வாசித்தேன்: "இந்தப் பிள்ளையின் தாய் குவைத் நாட்டில் கஷ்டப்பட்டு உழைக்கிறார். தாயின் ஆசை, மகள் நன்றாகப் படிக்க வேண்டும் என்பது."

அவர் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். "அப்புடியா எழுதியிருக்கீங்க? நான் என்னென்னமோ நெனச்சி ஒங்க மேல கோவமா வந்தேன் சார். மன்னிச்சிக்கங்க." பிறகு சற்றுத் தயங்கிக் கேட்டார்: "இத ஒரு தாள்ல அடிச்சித் தருவீங்களா? அடுத்த மாசம் திரும்பிப் போறேன். எங்க மேடத்துக்கு இங்கிலீஷ் தெரியும். எம்புள்ள கம்பியூட்டர்ல இருக்குன்னா நம்ப மாட்டாங்க."

மெஷினில் கோளாறு, ஒரு மணித்தியாலம் கழித்து வாருங்கள் என்றேன். கடைக்காரத் தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவர் சந்தைக்குப் போனார். "நான் இங்கனயே இருக்கேம்மா," என்று மகள் நின்றுவிட்டாள்.

நான் அவளுடைய படத்தை எடுத்து வேறொரு தாளில் வைத்து, கீழே புதிதாக எழுதத் தொடங்கினேன். தாய் இருக்கிறார், உழைக்கிறார், மகளை நினைக்கிறார் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அலங்காரம் எதுவும் வரவில்லை. மூன்று வரியில் முடிந்துவிட்டது. அச்சாகி வந்ததும் அவள் அதைக் கையில் எடுத்தாள். விரலை வைத்து, சொல் சொல்லாக, நான் சனிக்கிழமைகளில் சொல்லிக் கொடுத்தது போலவே வாசித்தாள். பிறகு பக்கத்துக் கணினியில் இன்னும் திறந்தே கிடந்த பக்கத்தை அதே மாதிரி வாசித்தாள். ஒரு சொல்லில் நின்றாள். அதற்கு என்ன பொருள் என்று கேட்பாள் என்று பயந்தேன். அவள் கேட்கவில்லை. திரும்பவும் தாளைப் பார்த்தாள்.

"சார்," என்றாள். "இத அங்க போடலாமே?"

"போடுவம் பிள்ளை."

"இன்னைக்கா?"

"இண்டைக்கே."

தாய் வந்தார். தாளைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து வாங்கிக்கொண்டார். காசு கொடுக்கப் போனார், நான் தடுத்தேன். மகள் ஒன்றும் சொல்லவில்லை. தாய்க்காகத்தான் பேசாமல் இருந்தாள் என்று இப்போது நினைக்கிறேன். என்னைக் காப்பாற்ற அவளுக்கு எந்தக் காரணமும் இல்லை.

அவர்கள் பஸ்ஸுக்கு இறங்கிப் போன பிறகும் நான் அங்கேயே இருந்தேன். அனுப்ப வேண்டியது அந்த மூன்று வரிகளை மட்டும்தான். முகவரியைக் கூட அடித்துவிட்டேன். அப்போது கடைக்காரத் தம்பி, "சார், இந்தப் புள்ள கோடு நெறஞ்சிருச்சி. லண்டன்காரர் இதே படத்துக்குக் கீழ மஸ்கெலியா வகுப்புக்குன்னு புதுக் கட்டம் ஒண்ணு தொறந்திருக்காரு, பாருங்க," என்றான். பார்த்தேன். தைப்பொங்கலுக்கு முன் மஸ்கெலியா வகுப்பைத் தொடங்க வேண்டியிருந்தது. பொங்கல் கழியட்டும் என்று நினைத்தேன்.

தாய் திரும்பவும் குவைத்துக்குப் போனார். மகள் அதற்குப் பிறகு வகுப்புக்கு வரவில்லை. வீட்டில் வேலை இருப்பதாகப் பெரியம்மா ஆசிரியையிடம் சொல்லி அனுப்பினார். நான் லயத்துக்குப் போய்க் கேட்கவில்லை. பொங்கல் கழிந்தது, பல பொங்கல்கள் கழிந்தன. லண்டன் மாணவனுக்கு வேலை மாறி, ஒரு வருடம் பக்கத்துக்கான கட்டணத்தைக் கட்ட மறந்துபோனான். அப்படித்தான் அது இல்லாமல் போனது. கடைசி நாள் வரை படத்துக்குக் கீழே நான் எழுதிய வரி மாறவில்லை. நான் எழுதிய உண்மை ஒரேயொரு தாளில்தான் இருந்தது. அந்தத் தாளை, எல்லோரும் படிக்கும் பக்கம் இதுதான் என்று நம்பி, அந்தப் பெண் குவைத்துக்குக் கொண்டு போனார்.